ஹவாயின் சன்ஸ்கிரீன் தடைக்குக் காரணமான ஆய்வு: எவ்வளவு தூரம் நம்பலாம்?

திண்ணைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

நம்மில் பாதிப் பேர் வாழ்நாளில் சன்ஸ்கிரீனைத் தொட்டிருக்க மாட்டோம். இருந்தாலும் இந்த விவகாரம் எனக்கு ரொம்ப நாளாகக் குடைகிறது, அதனால் இங்கே போடுகிறேன்.

கடலில் குளிப்பவர்கள் மேலிருந்து கரைந்து பவளத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2018 ஜூலையில் ஆளுநர் டேவிட் இகே கையெழுத்திட்டார். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவ் அதற்கு ஓராண்டு முன்பே தடையைக் கொண்டுவந்துவிட்டது. தாய்லாந்து 2021-ல் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடுத்தது.

இதற்கெல்லாம் பேச்சைக் கிளப்பிவிட்டவர் கிரெய்க் டவுன்ஸ் என்ற விஞ்ஞானி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹெரெட்டிகஸ் சுற்றுச்சூழல் ஆய்வகம் என்று லாப நோக்கில்லாத ஒரு சின்ன ஆய்வகம் வைத்திருக்கிறார். 2015 அக்டோபரில் அவரும் இஸ்ரேல் ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆக்ஸிபென்சோன் பட்ட பவள லார்வா (நீந்தித் திரியும் பவளக் குஞ்சு) உருக்குலைகிறது, வெளுக்கிறது, அதன் டி.என்.ஏ. சேதமாகிறது, கடைசியில் தன்னைச் சுற்றித் தானே எலும்புக்கூடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே அடைபட்டுப் போகிறது என்று அதில் எழுதினார்கள்.

படிக்கவே பகீரென்றுதான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துச் சட்டம் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுகிறவர்கள் காரணத்தோடு திட்டுங்கள்.

ஆய்வகத்தான்

தண்ணீரில் மருந்து எச்சம் அளப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கட்டுரை வந்தபோதே படித்தேன்.

லார்வா சோதனையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 24 மணி நேரத்தில் பாதி லார்வாக்களைக் கொல்ல, வெளிச்சத்தில் லிட்டருக்கு 139 மைக்ரோகிராம் தேவைப்பட்டது, இருட்டில் 779. வெயில் பட்டால் நச்சு கூடுகிறது என்று காட்டினார்கள். அது நல்ல வேலை. இடிப்பது கடலில் அளந்த எண்கள்தான். கரீபியன் கடலில் இருக்கும் வர்ஜின் தீவுகளின் டிரங்க் விரிகுடாவில் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரை இருந்ததாம். அதாவது 1,400 மைக்ரோகிராம். எவ்வளவு கூட்டம் இறங்கிக் குளித்தாலும், அலை அடிக்கிற திறந்த கடலில் இவ்வளவு நிற்குமா? அதே கட்டுரையில் ஹவாயில் கிடைத்த எண்ணே அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 2019-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கேரிஸ் மிட்செல்மோர் குழு ஹவாயின் ஒவாஹு தீவைச் சுற்றி அளந்தபோது, வைகிக்கி மாதிரி ஜே ஜே என்று கூட்டம் மொய்க்கும் கடற்கரையிலேயே 0.2 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை.

சட்டம் போட்ட ஹவாயில் கடல்நீரில் இருப்பது, லார்வாவைக் கொல்லத் தேவையான அளவில் பல நூறில் ஒரு பங்கு. தவிர, லார்வா சோதனைக்கு எடுத்த ஸ்டைலோபோரா என்ற பவளம் செங்கடல் பக்கத்தது. கரீபியன் கடலில் அது கிடையவே கிடையாது.

நக்கீரன்72

ஆய்வகத்தாரே, அதே கட்டுரை ஹவாயில் 0.8 முதல் 19.2 மைக்ரோகிராம் வரை இருந்தது என்கிறது. 19.2 என்பது 139-ல் ஏழில் ஒரு பங்கு. அந்த எண்ணை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? "பக்கத்தில்கூட வரவில்லை" என்று மழுப்பிவிட்டு, உங்களுக்குத் தோதான எண்ணை மட்டும் போடுகிறீர்கள். டவுன்ஸுக்காகப் பேச வருகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான்: அந்த ஹெரெட்டிகஸ் ஆய்வகமே சன்ஸ்கிரீன்களுக்குச் சான்று முத்திரையும் கொடுக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலாற்றுக்காரன்

எங்க ஊர் ஆற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்ததுன்னு பார்த்து வளர்ந்தவன் நான். அப்பவும் "அளவு வரம்புக்குள்தான் இருக்கு"ன்னு ஒரு சார் வந்து சொன்னார். அதனால இந்த "பல நூறில் ஒரு பங்கு" கணக்கைக் கேட்டாலே எனக்குச் சிரிப்புதான் வருது.

பாதி செத்தாதான் நச்சா? மீதிப் பாதி நல்லா இருக்கா, முட்டை வைக்குமா, பாறையில ஒட்டுமா, அதெல்லாம் கணக்கில் இல்லையா? அதே கட்டுரையில் ஏழு பவள இனங்களோட செல்களைத் தனியா எடுத்துச் சோதிச்சிருக்காங்க. நாலு மணி நேரத்தில் 20 விழுக்காடு செல் சாக, இனத்தைப் பொறுத்து 0.062 முதல் 8 மைக்ரோகிராம் போதும்னு வந்தது. உங்க மிட்செல்மோர் எண்ணே அந்தக் கீழ் எல்லைக்கு மேலதான் இருக்கு. ஏழு இனம்னு சொன்னதால "ஸ்டைலோபோரா கரீபியன்ல இல்லை"ங்கிற வாதமும் அடிபட்டுப் போச்சு.

டவுன்ஸ் ஒருத்தர்தான் சொன்னார்னும் இல்லை. 2008-லேயே இத்தாலியின் ராபர்ட்டோ டனோவாரோ, சன்ஸ்கிரீன் பட்டா பவளத்துக்குள்ள பதுங்கியிருக்கிற வைரஸ் கிளம்பி வெளுக்க வைக்குதுன்னு எழுதினார்.

ஆய்வகத்தான்

பாலாற்றுத் தோழருக்கு: தனிச் செல்லுக்கு மேலே சளிப்படலம் கிடையாது, தோல் கிடையாது. உயிருள்ள பவளத்துக்கு அதெல்லாம் உண்டு. செல் சாகும் அளவைக் கடலுக்கு அப்படியே பொருத்த முடியாது. 0.062 என்பது ஏழு இனங்களில் மிக மென்மையான ஒன்றுக்கு வந்த எண். டனோவாரோவும் பவளக் கிளைகளைப் பைக்குள் அடைத்து, அதற்குள் சன்ஸ்கிரீனை விட்டுத்தான் பார்த்தார்.

நக்கீரருக்கு: ஒரே தீவுக்கூட்டத்தில் ஒருவர் 19 என்கிறார், இன்னொருவர் 0.2-க்குள் என்கிறார். முறையாக, பல இடங்களில், பல பருவங்களில் அளக்காமல் சட்டம் போட்டார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. 2022-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் ஒரு தடித்த அறிக்கை போட்டன. சட்டம் வந்து நாலு வருஷம் கழித்து, சூழல் அபாய மதிப்பீட்டை இனிமேலாவது செய்யுங்கள் என்று அரசுக்குப் பரிந்துரைத்தன.

முத்துக்குளி

தூத்துக்குடியிலிருந்து. மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் சன்ஸ்கிரீன் பூசிட்டு எவன் இறங்குறான்? தேசியப் பூங்கா, ஆள் இறங்கவே தடை. ஆனா 2010-லயும் 2016-லயும் பவளம் வெள்ளை வெளேர்னு ஆச்சு. காரணம் கடல் சூடு. அதுக்கு முன்னாடி சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையையே வெட்டி எடுத்துட்டுப் போனாங்க, அது தனிக் கதை.

2016-ல ஆஸ்திரேலியாவோட பெருந்தடுப்புப் பவளத்திட்டுல ரொம்ப அடி வாங்குனது வடக்குப் பக்கம். சுற்றுலாப் பயணி எட்டிப் பார்க்காத பக்கம். அதுக்கு என்ன சொல்றீங்க பாலாறு அண்ணே?

பாலாற்றுக்காரன்

தம்பி, சூடுதான் பெரிய எதிரின்னு நானும் ஒத்துக்கிறேன். காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு விஷம் கொஞ்சமாதானே கொடுத்தோம்னு சொல்லலாமா?

2022-ல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் மிட்ச் குழு செய்ததைப் படிங்க. பவளத்தோட நெருங்கிய சொந்தமான கடல் சாமந்தியை எடுத்துக்கிட்டாங்க. ஆக்ஸிபென்சோனும் வெயில் மாதிரி வெளிச்சமும் சேர்ந்து பட்டது எல்லாம் 17 நாளுக்குள்ள செத்தது. புற ஊதாக் கதிர் இல்லாம வச்சது பிழைச்சது. அந்த உயிர், ஆக்ஸிபென்சோனோடு சர்க்கரை மூலக்கூறைக் கோத்துக் கரையவச்சு வெளியே தள்ளப் பார்க்குது. நம்ம தோல்ல வெயிலைத் தடுக்கிற அந்தப் பொருள், சர்க்கரை ஒட்டினதும் வெயிலை வாங்கிச் சுத்தி இருக்கிற செல்லைச் சுடுற பொருளா மாறிடுது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. உள்ளே வாழுற பாசி இந்த நச்சை வாங்கித் தன்கிட்ட வச்சுக்குது. பவளம் வெளுக்கிறதுன்னா அந்தப் பாசி வெளியேறிடுச்சுன்னு அர்த்தம். சூட்டுல பாசியை இழந்த பவளத்துக்குத்தான் சன்ஸ்கிரீன் இன்னும் ஆபத்து. சூடா சன்ஸ்கிரீனான்னு பட்டிமன்றம் நடத்த முடியாது, ரெண்டும் கைகோத்துக்கிட்டு வருது.

ஆய்வகத்தான்

அந்த வேதியியல் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் கொடுத்த அளவு, ஹவாய்க் கடலில் அளந்ததைவிட மிக அதிகம். எப்படிக் கொல்கிறது என்பது தெரிந்துவிட்டது. கடலில் கொல்கிறதா என்பது வேறு கேள்வி.

மரு. செல்வி

தோல் மருத்துவர். ஒரு தகவல் இங்கே யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 1992 முதல் 1996 வரை சோதனை நடத்தினார்கள். ஒரு குழு தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், இன்னொரு குழு விருப்பம்போல. பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய். மற்ற குழுவில் 22 பேருக்கு. அந்தச் சோதனையில் பூசிய சன்ஸ்கிரீனில் முக்கியமாக இருந்தது ஆக்டினாக்சேட். ஹவாயில் தடைசெய்த இரண்டில் ஒன்று.

நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா குறைவு, அதனால் இங்கே உட்கார்ந்து தடை போடு என்று சொல்வது சுலபம். வெள்ளைத் தோலோடு வெப்பமண்டலத்தில் வாழ்கிறவர்களுக்கு இது அழகுசாதனம் இல்லை.

பாலாற்றுக்காரன்

டாக்டர் அம்மா, யாரும் பூசாதேன்னு சொல்லலையே. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்தது அதே கடையில் அடுத்த தட்டில் இருக்கு. 2019-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, பாதுகாப்பானதுன்னு சொல்லப் போதுமான தரவு இந்த ரெண்டுக்குத்தான் இருக்குன்னு முன்மொழிஞ்சது. ஆக்ஸிபென்சோன் தோல் வழியா ரத்தத்துக்கே போகுது. அமெரிக்காவில் 2003-04-ல எடுத்த சிறுநீர் மாதிரிகளில் நூற்றுக்கு 97-ல இருந்தது. கடல்ல இறங்காதவனோட ஆக்ஸிபென்சோனும் கழிப்பறை வழியா தண்ணிக்குத்தான் போகுது.

மரு. செல்வி

அந்த வெள்ளைப் பூச்சு பிடிக்காமல் பூசுவதையே நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் ஐயா. அடுத்த தட்டில் இருப்பதும், எடுத்துப் பூசுவதும் ஒன்றல்ல.

கடற்கரை_குமார்

மன்னிக்கவும், நடுவில் ஒரு சின்னக் கேள்வி. அந்தமான் போறோம் குடும்பத்தோட. என்னதான் வாங்குறது?

முத்துக்குளி

முழுக்கைச் சட்டை போடுங்க குமார். நாங்க அப்படித்தான் இறங்குறோம். முகத்துக்கு மட்டும் துத்தநாகம்.

எச்சக்கணக்கு

நாலு நாளாக இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹைதராபாத் பக்கம் பட்டன்செருவில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கம்பெனிப் பெயர் வேண்டாம். நீங்கள் எல்லோரும் மைக்ரோகிராமுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள், நான் கிலோவில் பேசுகிறேன்.

சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் யோவாகிம் லார்சன் என்று ஒரு பேராசிரியர். பட்டன்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரி லாரியாக வரும். அங்கே சுத்திகரித்து வெளியே விடுகிற தண்ணீரை அவர் குழு எடுத்துச் சோதித்து 2007-ல் வெளியிட்டது. மறுபடி சொல்கிறேன், சுத்திகரித்த பிறகு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. நோயாளி மாத்திரை போட்டால் ரத்தத்தில் ஏறுகிற அளவைவிட அதிகம். ஒரு நாளைக்கு வெளியேறியது சுமார் 45 கிலோ என்று கணக்குப் போட்டார்கள். அப்போது 90 லட்சம் பேர் வாழ்ந்த சுவீடன் முழுக்க ஐந்து நாளில் விழுங்கிய அளவு. அது நக்கவாகு ஓடை வழியாக மஞ்சீரா ஆற்றுக்குப் போய், அங்கிருந்து கோதாவரிக்குப் போனது.

எங்கள் ஆலையிலிருந்து போன லாரிகளில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அமிலம், உப்பு, கழிவு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் தேவை, இவ்வளவுதான் படிவத்தில் இருக்கும். மருந்தின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

ஆய்வகத்தான்

இதைத்தான் நான் பிரச்சினை என்பேன். லார்சனும் பெங்ட்சன்-பால்மேயும் 2016-ல் ஒரு வரம்பு கணக்கிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் போனால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருக வாய்ப்பு. பட்டன்செருவில் இருந்தது 31,000 மைக்ரோகிராம். கிட்டத்தட்ட 5 லட்சம் மடங்கு. எந்தத் துணைக் கணக்கும் தேவையில்லை.

பாலாற்றுக்காரன்

இப்ப மாட்டினீங்க சார். லார்சன் குழு எடுத்தது ரெண்டு நாள் தண்ணி. ஒரே நிலையம், ஒரே கட்டுரை. டவுன்ஸ்கிட்ட "பல இடம், பல பருவம்" கேட்டீங்களே, இங்கே ஏன் கேட்கலை? எண் பெரிசா இருந்தா உடனே நம்பிக்கை வந்துடுதா? டிரங்க் விரிகுடா எண் பெரிசா இருந்தப்ப "இவ்வளவு நிற்குமா"ன்னீங்க.

ஆய்வகத்தான்

நியாயமான கேள்வி. ஒன்று, 2009-ல் அதே வட்டாரத்தின் ஏரிகளிலும் கிணறுகளிலும் அளந்தார்கள். ஏரியில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை. குடிக்கிற கிணற்றிலும் மருந்து இருந்தது. இரண்டு, காசிப்பள்ளி ஏரியில் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடந்ததைத் தனியாகக் காட்டினார்கள். காரணமும் விளைவும் ஒரே இடத்தில் கிடைத்தன. மூன்று, மருந்து எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மமே இல்லை, பக்கத்திலேயே ஆலை. டவுன்ஸின் எண்ணுக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

இன்னொரு உதாரணம் பாறுக் கழுகு. லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்டார். பாகிஸ்தானில், சிறுநீரகம் கெட்டு இறந்த 25 கழுகுகளிலும், மாட்டுக்குக் கொடுத்த வலிமருந்தான டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13-ல் ஒன்றில்கூட இல்லை. களத்திலிருந்து வரும் சான்று இப்படி இருக்க வேண்டும். இந்தியாவில் 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடை வந்தது, சரியாகவே வந்தது.

பாலாற்றுக்காரன்

கழுகை நீங்களே இழுத்ததுக்கு நன்றி. நூறு மாட்டுச் சடலத்தில் ஒண்ணுக்கும் குறைவான சடலத்தில் அந்த மருந்து இருந்தாலே, கழுகு அழியுற வேகத்துக்கு அது போதும்னு கணக்கு வந்தது. தடை வர்றதுக்குள்ள இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு நூற்றில் 95-க்கு மேல காலி. சான்று பிரமாதமா இருந்தது, கழுகுதான் இல்லை.

கனடாவில் கேரன் கிட்ங்கிற ஆய்வாளர் செய்ததும் உங்களுக்குத் தெரியும். ஒண்டாரியோவில் ஒரு முழு ஏரியை எடுத்து, 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கிற ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கிற மாதிரி விட்டாங்க. ஆண் மீனுக்குள்ள முட்டைக்கான புரதம் வந்தது, சின்ன மீன் இனம் ஒண்ணு அந்த ஏரியில் ஏறக்குறைய தீர்ந்தே போச்சு. உங்களுக்கு வேணுங்கிற சான்று அந்த மாதிரி. ஒரு பவளத்திட்டு முழுக்க ஆக்ஸிபென்சோனை ஊற்றிப் பார்க்க யார் அனுமதி கொடுப்பா? அப்ப உங்க அளவுகோலில் பவளம் ஜென்மத்துக்கும் பாஸ் ஆகாது.

ஆய்வகத்தான்

ஊற்ற வேண்டாம். தடைக்கு முன்னும் பின்னும் ஹவாயில் ஒரே முறையில் அளந்து, பவள லார்வா ஒட்டும் எண்ணிக்கையையும் எடுத்திருந்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்திருக்கும். தடையே ஒரு பெரிய சோதனை.

எச்சக்கணக்கு

நீங்கள் இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. சண்டைக்கிடமான ஆய்வுக்கு மூன்றே வருடத்தில் சட்டம் வந்தது. சண்டைக்கே இடமில்லாத ஆய்வு 2007-லிருந்து கிடக்கிறது. 2020 ஜனவரியில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆலைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு வரம்பு வைத்து ஒரு வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகளைக் காணோம். உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில்தான் முதல் வழிகாட்டுதலே போட்டது.

ஏனென்று ஆலைக்குள் இருந்தவனுக்குத் தெரியும். சன்ஸ்கிரீனை மாற்றினால் பயணி இன்னொரு டப்பா வாங்குவான், கம்பெனியும் அதே விலைக்கு வேறு டப்பா விற்கும். மருந்துக் கழிவை மூலத்திலேயே பிரித்து எரிக்க, ஆவியாக்க, கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். அந்தச் சில ரூபாய்க்காக ஏற்றுமதி ஆர்டர் பக்கத்து ஆலைக்குப் போய்விடும். வாங்குகிற நாடு மாத்திரையின் தரத்தைச் சோதிக்கும், மாத்திரை செய்த ஊரின் ஓடையைச் சோதிக்காது.

நக்கீரன்72

வாங்குகிற நாடு கொஞ்சம் விழித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நகரக் கழிவுநீர்ச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிலையங்களில் ஓசோன், கரித்தூள் போன்ற கூடுதல் கட்டம் வைக்க வேண்டும். செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். இந்த இழையில் அடித்துக்கொள்ளும் இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பில். மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் ஐரோப்பிய வீட்டுக் கழிப்பறையிலிருந்து வருகிற மருந்துக்கு. பட்டன்செரு ஓடைக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

மரு. செல்வி

அந்தப் பில்லைக் கடைசியில் யார் தலையில் கட்டுவார்கள்? உலகம் முழுக்க 258 ஆறுகளில் அளந்து 2022-ல் வெளியான ஆய்வில் அதிகம் தென்பட்டவற்றில் ஒன்று மெட்ஃபார்மின். சர்க்கரை நோய்க்கு மிக மலிவான மருந்து. அதன் விலை ஏறினால் நிறுத்திவிடுகிற நோயாளிகள் என்னிடமே இருக்கிறார்கள். சன்ஸ்கிரீனுக்கு மாற்று இருக்கிறது என்றீர்கள். இதற்கு என்ன மாற்று?

எச்சக்கணக்கு

மெட்ஃபார்மின் நோயாளியின் உடம்பு வழியாக வருகிறது டாக்டர், அதற்கு நகராட்சிதான் வழி பார்க்க வேண்டும். நான் சொல்வது யார் உடம்புக்குள்ளும் போகாமல் ஆலையிலிருந்து நேராக ஓடைக்குப் போன 45 கிலோவை. இரண்டையும் ஒரே பில்லில் போட்டால் ஆலைக்காரன் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நான் வேலையில் இருந்தபோது எங்கள் நிர்வாகம் எல்லாக் கூட்டத்திலும் அதைத்தான் செய்தது: "கட்டுப்பாடு வந்தால் ஏழைக்கு மருந்து கிடைக்காது."

பாலாற்றுக்காரன்

எச்சக்கணக்கு ஐயா, அந்தப் படிவம் பற்றித் தனியா ஒரு இழை போடுங்க. எந்தெந்தக் கட்டம் இருந்தது, யார் கையெழுத்துப் போட்டாங்க, எத்தனை நாளுக்கு ஒரு தடவை வாங்குனாங்க, எல்லாம். கம்பெனிப் பெயர் இல்லாமலே போடுங்க. ஆய்வகத்தார் அதுல என்ன கட்டம் சேர்க்கணும், எந்தக் கருவியில் அளக்கணும்னு எழுதட்டும். டவுன்ஸ் விஷயத்தில் நான் அவரை விடுறதா இல்லை, அது இங்கேயே ஓடட்டும்.

ஆய்வகத்தான்

சரி. ஐயா இழை போட்டதும் வருகிறேன். 0.062-க்கு உங்கள் பதிலும் இன்னும் பாக்கி இருக்கிறது.